லயம் முதல் தொடர்மாடி வரை: திகனவில் சில பகல்கள்

ரொறன்ரோவில் வாழும் நண்பர் ஒருவர் வாரம் ஒருமுறையேனும் தொலைபேசியில் அழைப்பார். ஒரு காலத்தில் கொழும்பில் ஒரே ஆசிரியபீடத்தில் எனக்கு எதிர்மேசையில் இருந்தவர். சொந்த ஊர் யாழ்ப்பாணம். இப்போது 17ஆவது மாடியில் வசிக்கிறார். அன்று அவருடைய கட்டடத்தில் மின்தூக்கி பழுதடைந்திருந்தது. மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம், மேல்வீட்டுக் குளியலறைக் கசிவு என்று நெடுநேரம் குறைபட்டுக்கொண்டவர், இறுதியில் இப்படிச் சொன்னார்: "என்ன செய்யிறது அண்ணை, நாங்கள் நாற்சார் வீட்டிலை பிறந்த சனம். ஒரு சுவருக்கு அங்காலை இன்னொரு குடும்பம் எண்டு தமிழன் இருக்கப் பழகினது இங்கை வந்த பிறகுதானே."

அது யாழ்ப்பாணத்துக் கணக்கு, தம்பி என்று மட்டும் சொல்லிவிட்டு அன்று பேச்சை முடித்துக்கொண்டேன். தொலைபேசியில் விளக்கக்கூடிய விடயமன்று அது. ஒரு சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம், ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு குடும்பங்கள் என்ற வாழ்க்கைக்கு ஈழத்துத் தமிழ் பேசும் மக்களில் ஒரு பெரும் பகுதியினர் பழகி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அதைப் பார்க்க ரொறன்ரோ வரை போகவேண்டியதில்லை. கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் ஏ-26 வீதியில் குண்டசாலை, பல்லேகலை ஆகிய இடங்களைத் தாண்டித் திகனவில் இறங்கினால் போதும்.

திகன இன்று ஒரு பரபரப்பான சந்தி. இருமருங்கும் கீழே கடையும் மேலே வீடுமாக மாடிக் கட்டடங்கள். சற்று உள்ளே போனால் ரஜவெல்ல. அங்கே 1999இல் திறக்கப்பட்ட கொல்ஃப் மைதானம் விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி பச்சைப் பசேலென்று விரிந்து கிடக்கிறது. அதே ரஜவெல்லவில் இந்து மாணவர்களுக்கென ஒரு பாடசாலையும் இருக்கிறது. கொல்ஃப் ஆட வருபவர்களுக்கு அந்தப் பாடசாலை அங்கே எப்படி வந்தது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. இந்தத் தும்பறைப் பள்ளத்தாக்கு ஒருகாலத்தில் கோப்பித் தோட்டங்களின் நிலம். பின்னர் கொக்கோ விளைந்த நிலம். பல்லேகலையில் தோட்டம் நடத்திய றொபர்ட் போய்ட் டைட்லர் மேற்கிந்தியத் தீவுகளில் கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கற்று 1837இல் இலங்கைக்கு வந்தவர். ஜமேக்காவின் தோட்டமுறை இங்கே கால்பதித்தது அவரைப் போன்றவர்களாலேயே. அடிமைகளுக்குப் பதிலாகத் தமிழகத்திலிருந்து கூலிகள் வந்தார்கள் என்பது ஒன்றுதான் வேறுபாடு.

கோப்பிக்கு ஆண்டு முழுவதும் ஆள் தேவையில்லை. பழம் பறிக்கும் காலத்துக்கு வந்து, அறுவடை முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, மாத்தளை ஊடாகக் கண்டிச் சீமையை அடைந்த அவர்களுக்குச் சில மாதங்கள் தலைசாய்க்க ஓர் இடம் போதும் என்று தோட்டத்துரைமார் கருதினார்கள். படைவீரர் கொட்டில்களைப் போல வரிசையாக அறைகளைக் கட்டி, அதே பெயரையும் வைத்தார்கள்: லைன். அது நமது வாயில் லயன் என்றும் லயம் என்றும் ஆயிற்று. 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைத் தாக்கியது. அடுத்த இரு தசாப்தங்களுக்குள் மலைநாடெங்கும் தேயிலை பரவியது. தேயிலைக்கோ ஆண்டின் ஒவ்வொரு வாரமும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். வந்தவர்கள் திரும்பவில்லை, குடும்பமாகத் தங்கிவிட்டார்கள். ஆனால் சில மாதங்களுக்கென்று போடப்பட்ட கட்டட அமைப்பு மட்டும் மாறவில்லை. தற்காலிகக் கொட்டிலே தலைமுறைகளின் வீடாகிவிட்டது.

லயத்தைப் பார்த்திராத வாசகர்களுக்காகச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். நீண்ட ஒரு கட்டடம். ஒரு பக்கம் ஆறு, சில இடங்களில் பன்னிரண்டு அறைகள். இரட்டை லயமென்றால் முதுகோடு முதுகு ஒட்டியபடி மறுபக்கமும் அதேயளவு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறை, அதுதான் காம்பரா. முன்னால் ஒடுங்கிய திண்ணை, அது இஸ்தோப்பு. அநேகமாக இஸ்தோப்பின் ஒரு மூலையை மறைத்து அடுப்பு வைத்திருப்பார்கள். இரட்டை லயத்துக் காம்பராவுக்குப் பின்வாசலும் கிடையாது, பின்சன்னலும் கிடையாது. புகை முன்வாசல் வழியாகத்தான் போகவேண்டும், அல்லது நெஞ்சுக்குள் போகவேண்டும். பல லயங்களில் இடைச்சுவர் கூரைவரை எழும்பாது. ஒரு வீட்டில் குழந்தை இருமினால் நாலாவது வீட்டில் தூக்கம் கலையும். புதுமணத் தம்பதியர் அதே காம்பராவில், பெற்றோருக்கும் தங்கை தம்பிகளுக்கும் நடுவே, ஒரு சேலைத் திரைக்கு அப்பால் இல்லறத்தைத் தொடங்குவார்கள். தண்ணீருக்கு எல்லோருக்கும் ஒரே பீலி. யார் வீட்டில் என்ன குழம்பு என்பதை யாரும் கேட்டறியவேண்டியதில்லை.

இங்கே ஒரு சிறு விடயம். இஸ்தோப்பு ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். காம்பரா போர்த்துக்கேயருடையது. லயம் ஆங்கிலேயருடையது. இந்த நாட்டை ஆண்ட மூன்று ஐரோப்பிய இனத்தவரும் ஆளுக்கொரு சொல்லாகச் சேர்ந்து கட்டிய வீடு அது. அதில் குடியிருந்தவரின் மொழியில் வீட்டின் எந்தப் பகுதிக்கும் பெயரில்லை. மலையகத்தின் மூத்த எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தமது நாவலொன்றுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டபோது, கூரையே இல்லாதவனை அவர் குறிக்கவில்லை. கூரைக்குக் கீழே இருந்தும் வீடற்றவனாக வாழ்ந்தவனையே குறித்தார்.

லயத்தில் நல்லது எதுவும் இல்லையா என்று கேட்டால், இருந்தது என்பேன். செய்தி சேகரிக்கப் போன காலங்களில் நான் கண்டது அது. சாவு வீட்டில் மூன்று நாட்களுக்கு அடுப்பு மூட்டவேண்டியதில்லை. அக்கம்பக்கத்துக் காம்பராக்களே ஆக்கிப் போடும். மலைக்குப் போகும் தாயின் பிள்ளையை அடுத்த காம்பராக் கிழவி பார்த்துக்கொள்வாள். ஆனால் இந்த ஒட்டுறவைப் புகழ்ந்து கட்டுரை எழுதுகின்றவர்களில் பெரும்பாலானோர் ஓர் இரவுகூட அங்கே படுத்துறங்கியவர்கள் அல்லர். நானும் இரண்டு இரவுகள்தான் படுத்திருக்கிறேன்.

கொழும்பு மாடிகளின் கதை மிகப் பிந்தியது. சுதந்திரத்துக்குப் பின்னர், 1954ஆம் ஆண்டின் தேசிய வீடமைப்புச் சட்டத்தை அடுத்து, அரசு நகர மக்களுக்காகத் தொடர்மாடிகளைக் கட்டத் தொடங்கியது. பம்பலப்பிட்டி, மாளிகாவத்தை என்று அவை எழுந்தன. அரசாங்க உத்தியோகத்தர்கள், எழுதுவினைஞர்கள், ஆசிரியர்கள் என்று மூவினத்தவரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள். பின்னர் 1973 வந்தது. என் கணக்கில் இந்தக் கதையின் நடுப்பக்கம் அந்த ஆண்டுதான்.

அப்போது வீடமைப்பு அமைச்சர் கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன். அந்த ஒரே ஆண்டில் மூன்று சட்டங்கள் வந்தன. முதலாம் இலக்கச் சட்டம் ஒருவர் எத்தனை வீடுகளை வைத்திருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு விதித்தது. 11ஆம் இலக்கச் சட்டம், நிலத்தில் படாமல் ஆகாயத்தில் நிற்கும் ஒரு மாடி வீட்டையும் தனியாதனமாகக் கருதி ஒருவர் பெயரில் உறுதி எழுதலாம் என்றது. 10ஆம் இலக்கச் சட்டமோ படிக்கட்டு, கூரை, வடிகால், தண்ணீர்த் தொட்டி முதலிய பொது வசதிகளைப் பராமரிக்க ஒரு சபையை அமைத்தது. அந்தச் சபையே 2003ஆம் ஆண்டின் திருத்தத்துடன் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையாக மாறியது. சுருங்கச் சொன்னால், உன் வீடு எங்கே முடிகிறது, அடுத்தவன் வீடு எங்கே தொடங்குகிறது, இடையிலுள்ள சுவர் வெடித்தால் யார் பூசவேண்டும் என்ற கேள்விகளுக்கு அரசு அந்த ஆண்டில் பதில் எழுதியது.

அதே 1973இல் தோட்டங்களில் என்ன நடந்தது? 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டத்தால் தனியார் தோட்டங்கள் பல அரசின் கைக்கு மாறிக்கொண்டிருந்தன. கண்டி மாவட்டத்தின் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பலர் வேலையும் காம்பராவும் ஒருசேர இழந்தனர். உணவுத் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தது. பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. கண்டி வீதிகளில் கையேந்தி நின்ற தோட்டத்துக் குடும்பங்களை அக்காலத்தில் கண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வேலை போனால் காம்பராவும் போகும் என்பதுதான் லயத்தின் முதல் விதி. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று தலைகளை எண்ணிப் பிரித்தது. எண்ணப்பட்டவர்களில் எவரிடமும், தாம் பிறந்த காம்பராவுக்கு உறுதி இல்லை.

திகனவுக்கு அடுத்த பெரும் மாற்றம் தண்ணீரால் வந்தது. மகாவலியை மறித்து, 122 மீற்றர் உயரத்தில், பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்ட விக்டோரியா அணையை 1985 ஏப்ரலில் ஜே.ஆர். ஜயவர்த்தன, மார்கரட் தாட்சர் முன்னிலையில் திறந்துவைத்தார். பழைய தெல்தெனிய நகரும் வயல்களும் தோட்டங்களும் நீருக்குள் போயின. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அந்தப் பழைய நகரின் இடிபாடுகள் இன்றும் தலைகாட்டுகின்றன. அணை கட்ட வந்த வெள்ளைக்காரப் பொறியியலாளர்களுக்கென்று திகனவில் ஒரு குடியிருப்பு எழுந்தது. அதற்குத் திகன வில்லேஜ் என்று பெயர். காணியிழந்த கிராமத்தவர்களில் ஒரு பகுதியினர் கீழே மகாவலி வலயங்களுக்குச் சென்றார்கள். மற்றவர்கள் அருகிலுள்ள மேட்டு நிலங்களில் குடியேறினார்கள். இழந்தது பெரிது, கிடைத்தது சிறிது என்ற அவர்களுடைய வருத்தம் நியாயமானது. ஆயினும் காணிக்கு இழப்பீடு கேட்க முதலில் காணி இருக்கவேண்டும். லயத்தார் அந்த வரிசையில் நிற்கவே இல்லை.

தொடர்மாடியின் அன்றாடம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். வெள்ளவத்தையில் ஒரு மாடியின் மூன்றாம் தளத்தில் பதினொரு ஆண்டுகள் வாடகைக்கு இருந்தவன் நான். போரின் காலத்தில் வடக்கிலிருந்து வந்த குடும்பங்களாலும், வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய பணத்தாலும் வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் மாடிகள் முளைத்த காலம் அது. காலை ஐந்தரைக்கு மேல்வீட்டில் உரல் இடிக்கும். ஆறு மணிக்கு நாலு வீட்டுக் குக்கர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவும். மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடும் கொடிக்காக இரண்டு குடும்பங்கள் ஏழு மாதம் பேசாமல் இருந்தன. கீழ்வீட்டுப் பெரியவர் இறந்தபோது சவப்பெட்டி மின்தூக்கிக்குள் கொள்ளவில்லை. ஒடுங்கிய படிவளைவில் நிமிர்த்தித்தான் இறக்கினோம். நள்ளிரவுச் சோதனைகளின்போது பொலிஸ் பதிவுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்போம்.

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரை பஸ்களில் ஏற்றி வவுனியா உள்ளிட்ட இடங்களுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகே அது நின்றது. விடுதியில் இருந்தவர்கள் ஏற்றப்பட்டார்கள். அடுத்த ஒழுங்கையில், சொந்த மாடிவீட்டில் இருந்தவர்கள் ஏற்றப்படவில்லை. எங்கள் மாடியில் அன்று காலை முதல் அநேகர் அலுமாரியைத் திறந்து உறுதியை எடுத்துப் பார்த்தார்கள். வாடகைக்காரனான எனக்கு எடுத்துப் பார்க்க எதுவும் இருக்கவில்லை. அன்றுதான் லயத்துக்கும் தொடர்மாடிக்கும் உள்ள வேறுபாடு எனக்கு உறைத்தது. இரண்டுமே ஒட்டுச்சுவர் வாழ்க்கைதான். ஆனால் ஒன்றில் இருப்பவனிடம் ஒரு காகிதம் இருக்கிறது.

தோட்டங்களில் லயத்துக்குப் பதிலாக மாடி வீடுகளைக் கட்டலாம் என்ற யோசனை எழுந்தபோதெல்லாம் மலையகத்திலிருந்து வந்த எதிர்ப்பைக் கொழும்பில் பலர் விளங்கிக்கொள்ளாததற்கும் இதுவே காரணம். இருக்க இடமில்லாதவர்கள் மாடி வேண்டாம் என்கிறார்களே என்று ஒரு சக பத்திரிகையாளர் ஒருமுறை என்னிடம் வியந்தார். உறுதியில்லாத மாடி என்பது நிமிர்த்தி வைத்த லயம்தான். அவர்கள் கேட்டது காணியோடு கூடிய தனி வீடு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடிய பின்னர்தான் அந்தக் குரலுக்குச் சற்றுச் செவிசாய்க்கப்பட்டது. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்பது கொள்கையாயிற்று. ஏழு பேர்ச்சஸ் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். கட்டி முடிந்தவை உண்டு; காத்திருப்பவர்களும் ஏராளம்.

இனி, சந்தியில் கண்ட கடைக்கு மேல் வீடுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். கண்டியைச் சுற்றியுள்ள சிறு நகரங்களின் இயல்பான மாடி வாழ்க்கை அதுதான். கீழே வியாபாரம், மேலே குடும்பம், இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே படி. வாடகை மிச்சம், இரவில் கடைக்குக் காவல், பிள்ளைகள் மேலே படிப்பது தந்தையின் காதில் விழும். 2018 பெப்ரவரியில் தெல்தெனியவில் சில முஸ்லிம் இளைஞர்களால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி மார்ச் 3ஆம் திகதி உயிரிழந்தார். 5ஆம் திகதி திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, தீ வைக்கப்பட்டது. கடைக்கு மேலிருந்த ஒரு வீட்டில் புகைக்குள் அகப்பட்டு ஓர் இளைஞர் இறந்தார். மறுநாள் நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன.

சில வாரங்களின் பின்னர் நான் அங்கே போயிருந்தேன். கரிபிடித்த படிக்கட்டுகள் சிலவற்றைப் பார்த்தேன். ஒரு வியாபாரி என்னை மேலே அழைத்துச் சென்று, பின்பக்கமாக இரண்டாவதாக ஒரு படி கட்டிக்கொண்டிருப்பதைக் காட்டினார். கடையைத் திருத்துவதற்கு முன்பே அந்தப் படியைக் கட்டத் தொடங்கிவிட்டார். இந்த வீட்டுக்கு உறுதி இருக்கிறது ஐயா, வரி கட்டிய துண்டும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வேறு பேச்சுக்கு மாறினார். காகிதம் இருந்தால் போதும் என்ற எனது வெள்ளவத்தை முடிவு அந்தப் படியில் நின்றபோது சற்று ஆட்டங்கண்டது.

2020 ஓகஸ்ட் 29ஆம் திகதி இரவு, திகன நிலமே ஆடியது. சிறு நில அதிர்வுதான். ஆனால் தொடர்ந்து வந்த மாதங்களில் மேலும் சில அதிர்வுகள் உணரப்பட்டன. நீர்த்தேக்கம் காரணமா, நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறை காரணமா என்று புவிச்சரிதவியல் நிபுணர்கள் வந்து ஆராய்ந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அதன் பின்னர் ரஜவெல்லப் பக்கத்தில் எஞ்சியிருக்கும் லயமொன்றுக்குப் போனேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். எழுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் இஸ்தோப்பில் அமர்ந்திருந்தார். அவருடைய காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடைப்பட்ட சுவரில், மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அதிர்வால் வந்ததா என்றேன்.

"அது முன்னமே இருந்துச்சுங்க ஐயா. ஆட்டத்துல கொஞ்சம் அகண்டுருச்சு."

யாரிடம் முறையிட்டீர்கள் என்று கேட்டேன். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை தன் பணத்தைச் செலவிடுவதற்கு நெடுங்காலம் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. சபையின் வாக்காளராக இருக்கலாம்; சபையின் சீமெந்து மட்டும் லயத்துக்கு வராது என்ற நிலை முப்பது ஆண்டுகள் நீடித்தது. 1992இல் முகாமை கம்பனிகளின் கைக்குப் போனபின், நிலம் அரசுக்கு, நிர்வாகம் கம்பனிக்கு, வெடிப்பு குடியிருப்பவருக்கு என்று ஆயிற்று. இதையெல்லாம் நான் அவருக்குச் சொல்லவில்லை. அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

"தொரைகிட்ட சொன்னா கவருமெண்டுங்கிறாரு. கவருமெண்டுக்காரங்க வந்தா தோட்டத்துல கேளுங்கிறாங்க. நம்ம பக்கம் நானே மண்ணு கொழைச்சுப் பூசிட்டேன். அந்தப் பக்கம் பூசணும்னா அவங்க கொழும்புலருந்து வரணும். நாலு வருசமாப் பூட்டித்தான் கெடக்கு."

சுவரின் அருகே அவரை நிறுத்திப் படமெடுத்தேன். படத்தைக் கழுவி அனுப்பிவைக்கிறேன், முகவரி சொல்லுங்கள் அம்மா என்றேன். தோட்டம், டிவிசன், லயத்து இலக்கம் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்துக் குறிப்பேட்டைத் திறந்தேன். அவர் தலையசைத்து மறுத்தார்.

"லயத்துக்குப் போட்டா வந்து சேராதுங்க ஐயா. திகன சந்தியில எம் பேரன் கடையில நிக்கிறான். அந்தக் கடை முதலாளி பேருக்குப் போடுங்க."